காஸ்தெயானோ, ஸ்பானிஷ் இரண்டும் ஒன்றா?

நிலா:
வேலை மாற்றலாகி அடுத்த மாதம் ஸ்பெயினில் உள்ள வலென்சியா போகிறேன். ஸ்பானிஷ் வகுப்பு தேடினால் பாதிப் பேர் 'காஸ்தெயானோ' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? அங்கே 'வலென்சியானோ' என்று இன்னொன்றும் பேசுகிறார்களாமே, அது ஸ்பானிஷின் வட்டார வழக்கா?

கடலோரன்:
ஒரே மொழிதான், தைரியமாகச் சேருங்கள். ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் பிறந்ததால் அந்தப் பெயர். 1492இல் நெப்ரிஹா எழுதிய இலக்கணமே 'காஸ்தெயானா மொழி இலக்கணம்'தான். ஸ்பானிய அரச கழகம் என்ற மொழி அமைப்பு தன் அகராதியின் தலைப்பை 'எஸ்பஞோலா', அதாவது ஸ்பானிஷ், என்று மாற்றியது 1925இல்.

பார்சிலோனாவில் வேலை பார்க்கும் நான் காஸ்தெயானோ கட்சி. 1978 அரசியலமைப்பின் 3ஆம் பிரிவும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. கூடவே 'மற்ற ஸ்பானிய மொழிகள்' என்றும் சொல்கிறது. கத்தலான், கலீசியன், பாஸ்க் எல்லாம் அந்த மண்ணின் மொழிகள். ஒன்றுக்கு மட்டும் நாட்டின் பெயரைக் கொடுத்தால் மற்றவை அந்நியம் போல ஆகிவிடாதா? சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் அவற்றுக்கு இடமே இல்லை. எங்கள் மாடிப் பாட்டி வாயைத் திறந்தால் கத்தலான்தான். ஆனால் கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுவது காஸ்தெயானோவில். பள்ளியில் அவருக்குத் தாய்மொழியில் எழுதச் சொல்லித் தரவில்லை. பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது.

அதனால் இவற்றை வட்டார வழக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாலுக்குக் காஸ்தெயானோவில் லெச்சே, கத்தலானில் ல்யெட், கலீசியனில் லெய்தே. மூன்றும் லத்தீன் வழி வந்த அக்கா தங்கைகள். பாஸ்க்கில் எஸ்னே! அந்த மொழிக்கு உறவு என்று எதையும் இதுவரை யாரும் நிறுவவில்லை.

ஆரஞ்சுத்தோப்பு:
நான் வலென்சியாவில்தான் இருக்கிறேன். வலென்சியானோ என்பது கத்தலானுக்கு இங்குள்ள பெயர். இரண்டும் ஒரே மொழி என்று இங்குள்ள மொழிக் கழகமே 2005இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பேச்சுவாக்கில் 'கத்தலான்' என்றால் சிலருக்குச் சுருக்கென்று தைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நகருக்குள் காஸ்தெயானோவை வைத்தே சமாளித்துவிடலாம். தெருப்பலகையில் தெருவுக்கான காஸ்தெயானோ சொல்லான 'கயே' என்று தேடாதீர்கள், பெரும்பாலும் 'கர்ரேர்' என்றுதான் இருக்கும்.

நிலா:
இருவருக்கும் நன்றி. வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆசிரியர் அர்ஜென்டினாக்காரர், அவரும் காஸ்தெயானோ என்றே சொல்கிறார்!

கடலோரன்:
அங்கே அதுதான் பழக்கம். மெக்சிகோக்காரர் என்றால் எஸ்பஞோல் என்றிருப்பார். வலென்சியானோ வகுப்பையும் அப்புறம் எட்டிப் பாருங்கள்.