சீல் நம்பரில் ஒரு எட்டு: விமானச் சரக்குப் பாதுகாப்புக்கு இத்தனை தாள் தேவையா?

கடைசி டிரக்:
போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு பெட்டி, மருத்துவக் கருவிகளின் உதிரிபாகம். எங்கள் வேர்ஹவுஸிலேயே எக்ஸ்ரே பார்த்து, பாதுகாப்பு அறிவிப்பு எழுதி, டிரக்கைப் பூட்டி சீல் வைத்து அனுப்பினோம். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: சரக்கை யார், எப்போது, எந்த முறையில் சோதித்தார்கள் என்று ஏர்வே பில் என்கிற விமானச் சரக்கு ரசீதோடு கூடவே போகிற தாள்தான் இந்த அறிவிப்பு.

விமான நிலையத்தின் சரக்கு வாசலில் டிரக்கை நிறுத்திவிட்டார்கள். தாளில் சீல் எண்ணின் கடைசி இலக்கம் 3. சீலில் 8. எங்கள் பையன் செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து டைப் செய்திருக்கிறான், சீல் மேலே ஒரு கீறல், எட்டு மூன்றாகத் தெரிந்துவிட்டது. சீல் உடையவில்லை. பெட்டி எண்ணிக்கை சரி. ஆனாலும் பதினான்கையும் இறக்கி மறுபடி ஸ்கிரீனிங். சரக்கு ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் போயிற்று, பின்னாலேயே விமானமும் போயிற்று.

என் கேள்வி இந்த ஒரு தாளைப் பற்றி மட்டும் இல்லை. சோதிக்க அனுமதி வாங்க ஒரு விண்ணப்பம், ஆட்களின் பின்னணிக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒரு பதிவேடு, எந்திரத்துக்கு ஒரு பதிவேடு, அப்புறம் ஒவ்வொரு சரக்குக்கும் அறிவிப்பு. அமெரிக்காவில் காகிதச் சுமையைக் குறைக்கவே ஒரு சட்டம் இருக்கிறது. 1980இல் வந்தது, 1995இல் திருத்தி எழுதினார்கள். அரசுத் துறை ஒரு படிவம் கேட்டால் அதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று அந்தத் துறையே கணக்குச் சொல்ல வேண்டும். 60 நாள், பிறகு 30 நாள் மக்கள் கருத்துக்கு விட வேண்டும். படிவத்துக்குக் கிடைக்கும் ஒப்புதல் அதிகபட்சம் மூன்று வருடம், அதற்குமேல் வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும். செல்லுபடியாகும் ஒப்புதல் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்று தண்டிக்கக்கூட முடியாது. இந்த மாதிரி ஒரு கடிவாளம் எல்லா நாட்டிலும் வேண்டும் என்கிறேன். தப்பா?

எக்ஸ்ரே கண்:
நான் வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள். பதினோரு வருடமாக ஸ்கிரீனிங்தான் வேலை. உங்கள் டிரக்கை நானும் நிறுத்தியிருப்பேன்.

சீல் உடையவில்லை என்கிறீர்கள். நண்பரே, வழியில் ஒருவன் உங்கள் சீலை வெட்டிவிட்டு, உள்ளே ஒரு பெட்டியை மாற்றி வைத்து, வேறு சீல் போட்டிருந்தால் என் முன்னால் வந்து நிற்பது எப்படி இருக்கும்? சீல் உடையாமல் இருக்கும். பெட்டி எண்ணிக்கை சரியாக இருக்கும். எண் மட்டும் வேறாக இருக்கும். உங்கள் பையனின் கண் தவறு எது, அது எது என்று நான் எதை வைத்துப் பிரிப்பது?

கடைசி டிரக்:
ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வேர்ஹவுஸ் கேமராவில் சீல் வைத்த காட்சி இருக்கிறது.

எக்ஸ்ரே கண்:
போனை எடுப்பது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடைசி டிரக்:
சரி, அதே கேள்வியைத் தாளிடமும் கேளுங்கள். தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று மட்டும் தெரியுமா?

2010 அக்டோபரில் யேமன் தலைநகர் சனாவிலிருந்து இரண்டு பார்சல் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? பிரிண்டரின் டோனர் குழலுக்குள் பிஇடிஎன் வெடிமருந்து. ஒன்று தோஹா வழியாகப் பயணிகள் விமானத்திலேயே துபாய்க்கு வந்தது. இன்னொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் நிலையம் வரை போய்விட்டது. இரண்டுக்கும் தாள் பக்காவாக இருந்தது. அனுப்பியவர் இடத்தில் ஒரு மாணவியின் பெயர். அவரைக் கைது செய்தார்கள், அவர் பெயரை வேறு யாரோ பயன்படுத்தியது தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பெறுநர் இடத்தில் இருந்த ஒரு பெயர் சிலுவைப்போர் காலத்துப் பிரபு ரெனால்டுடையது. ஆள் செத்தது 1187இல்! முகவரி சிகாகோவில் இருந்த யூத வழிபாட்டுத் தலங்களின் பழைய முகவரி. எண்ணூறு வருடத்துக்கு முன் செத்தவருக்கு பிரிண்டர் போகிறது, எந்தப் படிவமும் ‘நில்’ என்று சொல்லவில்லை.

எக்ஸ்ரே கண்:
அதே கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் அந்தப் பார்சலைக் குறிப்பாகத் தேடி எடுத்துச் சோதித்தார்கள், அப்படியும் முதல் தடவை குண்டு கண்ணில் படவில்லை. துபாயில் கிடைத்த பிறகு திரும்பவும் பார்த்தபோதுதான் சிக்கியது. பிஇடிஎன் ஆவியாவது மிகக் குறைவு, நாயின் மூக்குக்கே சிரமம். எக்ஸ்ரேயில் டோனர் பொடியும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே நிறம். எந்திரமும் நாயும் கோட்டைவிட்டதைப் பிடித்துக் கொடுத்தது எது? சவூதி உளவுத்துறை கொடுத்த பார்சல் எண். அதாவது, தாளில் இருந்த எண். அந்த எண் இல்லாவிட்டால் உலகத்தில் பறந்துகொண்டிருக்கிற லட்சம் பெட்டியில் அந்த இரண்டை எங்கே போய்த் தேடுவது?

கடைசி டிரக்:
உளவு சொன்னவர் பிடித்தார் என்று சொல்லுங்கள். கூரியர் ரசீதில் எண் எப்போதும் இருந்ததுதான், அதற்குப் பாதுகாப்புப் படிவம் எதற்கு?

சும்மா படிக்கிறவன்:
நான் இந்தத் துறை இல்லை. ஒரே சந்தேகம்: இதெல்லாம் கம்ப்யூட்டரில் போகாதா?

பழுப்புக் கோப்பு:
போகும். 1999இன் மான்ட்ரியல் ஒப்பந்தமே மின்பதிவை ஏற்கிறது. 2019 ஜனவரி 1 முதல் மின் ஏர்வே பில்தான் வழக்கமான ஒப்பந்த முறை என்று விமான நிறுவனங்களின் சங்கம் அறிவித்தது. பாதுகாப்பு அறிவிப்புக்கும் மின்வடிவம் இருக்கிறது. ஆனால் மின்வடிவில் வந்ததை அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் செருகினால்தான் தூக்கம் வரும் என்கிற அதிகாரிகளோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன். ஆடிட் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன்.

கடைசி டிரக் ஒரே கோபத்தில் மூன்று வேறு விஷயத்தைத் திட்டுகிறார்.

சரக்கு விமானத்தில் ஏறுவதற்கு முன்பே அரசுக்குப் போகிற தகவல் முதலாவது. அனுப்புநர், பெறுநர் இருவரின் பெயரும் முகவரியும், சரக்கு விவரம், எண்ணிக்கை, எடை, ஏர்வே பில் எண். யேமன் சம்பவம் நடந்த இரண்டாம் மாதமே, 2010 டிசம்பரில், அமெரிக்கா இதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2018 ஜூனில் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அஞ்சல், கூரியர் பார்சல்களுக்கு 2021 மார்ச் 15இலும் மற்ற விமானச் சரக்குக்கு 2023 மார்ச் 1இலும் கொண்டுவந்தது. செத்துப்போன பிரபுவின் பெயரை யாராவது பார்த்து ‘இது என்ன’ என்று கேட்க வாய்ப்புள்ள இடம் இதுதான். அன்றைக்கு அது இல்லை. ஆக உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

சரக்கோடு போகும் அறிவிப்பு இரண்டாவது. எஸ்பிஎக்ஸ் என்று இருந்தால் பயணிகள் விமானத்தில் ஏற்றலாம், எஸ்சிஓ என்றால் சரக்கு விமானம் மட்டும். கூடவே எக்ஸ்ரேயா, கையால் பிரித்ததா, நாயா என்ற குறி. இடையில் விமானம் மாறும் இடத்தில் இருப்பவர் இதைப் பார்த்துத்தான் மறுபடி பிரிக்காமல் விடுகிறார். இந்தத் தாள் உங்களுக்கு நேரம் மிச்சப்படுத்துகிற தாள் ஐயா.

பதிவேடுகள் மூன்றாவது. 2007இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: மூன்று வருடத்துக்குள் பயணிகள் விமானத்தில் ஏறும் சரக்கு முழுக்கச் சோதிக்கப்பட வேண்டும். அத்தனையையும் நிலையத்திலேயே சோதித்தால் வாசல் அடைத்துப் போகும் என்பதால் பார்வேர்டர் எனப்படும் சரக்கு அனுப்பும் முகவர், உற்பத்தியாளர் போன்றவர்களுக்குச் சான்று கொடுத்து அவரவர் இடத்திலேயே சோதிக்க விட்டார்கள். மற்ற நாடுகளிலும் ரெகுலேட்டட் ஏஜென்ட் (அங்கீகரிக்கப்பட்ட முகவர்), நோன் கன்சைனர் (நம்பகமான அனுப்புநர்) என்று இதே ஏற்பாடு. உங்கள் வேர்ஹவுஸில் உங்கள் ஆளே எக்ஸ்ரே பார்க்கலாம் என்ற வசதி உங்களுக்கு வேண்டும், அதைக் காட்டுகிற பதிவேடு மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

கடைசி டிரக்:
கோப்பு சார், பதிவேட்டைப் பார்த்து எதையாவது பிடித்திருக்கிறீர்களா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பழுப்புக் கோப்பு:
பிடித்திருக்கிறேன். ஒரு இடத்தில் ஸ்கிரீனிங் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் சரக்கு 10:00. அடுத்தது 10:15. பிறகு 10:30, 10:45. இப்படியே மதியம் வரை. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு அடித்தல்கூட இல்லை. இருபது பெட்டிக்கும் பதினைந்து நிமிடம், ஒரே பெட்டிக்கும் பதினைந்து நிமிடம். எந்திரத்தின் உள்நினைவில் இருந்த படங்களின் நேரத்தை எடுக்கச் சொன்னேன். 11:20க்கு மேல் படமே இல்லை. மீதியெல்லாம் உட்கார்ந்த இடத்தில் எழுதியது.

கடைசி டிரக்:
அப்படியானால் பொய்யைப் பிடித்தது எந்திரத்தின் நினைவு. தாள் செய்தது ஒன்றுதான், அந்த ஆளைப் பொய் எழுத வைத்தது. எந்திரமே நேரத்தையும் படத்தையும் வைத்திருக்கும்போது கையால் எழுதும் பதிவேடு எதற்கு?

பழுப்புக் கோப்பு:
சந்தேகம் வந்ததே கையெழுத்தைப் பார்த்துத்தான். ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். எந்திரம் எழுதுவதை மனிதன் மறுபடி எழுதத் தேவையில்லை. ‘அலாரம் வந்தது, பிரித்துப் பார்த்தேன், உள்ளே இது இருந்தது’ என்பதை மட்டும் மனிதன் எழுதினால் போதும். அதை எந்திரம் எழுதாது.

எக்ஸ்ரே கண்:
இந்த இடத்தில் நானும் கடைசி டிரக்கின் கட்சி. ஒரு பேலட்டுக்கு ஏழு இடத்தில் என் பெயரை எழுதுகிறேன். ஏழாவதை எழுதும்போது கண் திரையில் இருக்காது.

கடைசி டிரக்:
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு படிவம் சேர்கிறது, ஒன்றாவது கழன்றதுண்டா? 2021 ஜூன் 30 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி சரக்கு விமானத்தில் போவதற்கும் சோதனை, இல்லாவிட்டால் நம்பகமான அனுப்புநர் என்ற சான்று. 2024 ஜூலையில் லைப்சிக்கிலும் பர்மிங்காமிலும் கூரியர் கிடங்கில் பார்சல் தீப்பிடித்தது, உடனே அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்குக் கூடுதல் விவரம் கேட்டார்கள். கேட்கட்டும், காரணம் இருக்கிறது. பழையது எதையாவது எடுத்தார்களா? அதனால்தான் மூன்று வருடக் காலாவதி வேண்டும் என்கிறேன்.

பழுப்புக் கோப்பு:
அந்த அமெரிக்கக் காகிதச் சுமைச் சட்டத்தை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறீர்கள். நிரப்ப எத்தனை மணி நேரம் என்று சொல்வது படிவத்தைக் கேட்கிற துறையே. மாப்பிள்ளை குணத்துக்கு மாப்பிள்ளையே சான்று கொடுக்கிற கதை. மக்கள் கருத்து கேட்கிறார்கள், ஆனால் சோதனை நடைமுறையின் விவரம் பாதுகாப்பு ரகசியம் என்று வெளியே வராது. எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அது சுமையா இல்லையா என்று வெளியாள் என்ன கருத்துச் சொல்வது? மூன்று வருடம் ஆனதும் புதுப்பிக்க மறுபடி ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான்.

கடைசி டிரக்:
மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது ‘இது ஏன்’ என்று எழுத வேண்டியிருக்கிறதே. மற்ற இடங்களில் அதுகூட இல்லை.

சும்மா படிக்கிறவன்:
அந்த எட்டு-மூன்று பிரச்சினைக்கு என்னதான் வழி? யாரும் சொல்லவே இல்லையே.

எக்ஸ்ரே கண்:
பார்கோடு உள்ள சீல் வாங்கி ஸ்கேன் செய்யுங்கள், டைப் அடிக்கிற வேலையே இல்லை. அது இல்லாத இடத்தில் நாங்கள் ஒன்று செய்வோம். ஒருவர் சீலைப் பார்த்து எண்ணைச் சத்தமாக ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பார். தாள் இன்னொருவர் கையில். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் தாளில் இருப்பதுதான் சீலிலும் தெரியும். உங்கள் எட்டு அப்படித்தான் எங்கள் பக்கம் மாட்டியிருக்கும்.

கடைசி டிரக்:
சத்தமாகப் படிப்பது, இது எந்தப் படிவத்தில் இருக்கிறது?

எக்ஸ்ரே கண்:
எதிலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது.

கடைசி டிரக்:
நாளைக் காலை டிரக்குக்குப் பையனோடு நானே நிற்கிறேன், அவன் படிக்கட்டும், நான் தாளைப் பிடிக்கிறேன். படிவங்களைப் பற்றிச் சொன்னதை ஒரு எழுத்துகூடத் திரும்பப் பெறவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு சார், துளை போட்டுச் செருகிவிடாதீர்கள்.