சீலிங் ஓரத்துல பிசிறில்லாம கோடு வரணும், எட்ஜர் வாங்கியும் ஈஷிக்குது, வழி சொல்லுங்க

உறையூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சில எங்க வீட்டுல அம்மா ரூமுக்கு நானே பெயிண்ட் அடிச்சிட்டிருக்கேன், பொங்கலுக்குள்ள முடிக்கணும். மார்கழில பெயிண்டர் யாரும் கையில சிக்க மாட்டேங்கறாங்க, ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சேன், ஒருத்தர் தை பொறக்கட்டும்ங்கறாரு இன்னொருத்தர் ஃபோனே எடுக்கல, சரி பத்துக்கு பதினொண்ணு ரூம்தானேன்னு இறங்கிட்டேன். சீலிங் வெள்ளை, சுவர் வெளிர் பச்சை. ரோலர் அடிக்கிறது பழகிடுச்சு, பிரச்சினையே சீலிங்கும் சுவரும் சேர்ற அந்த ஓரம்தான்.

அதுக்குன்னு ஆன்லைன்ல ஒரு எட்ஜர் வாங்கினேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், அடில வெல்வெட் மாதிரி ஒரு பேட், ஒரு ஓரத்துல ரெண்டு குட்டி சக்கரம். சக்கரத்தை சீலிங்ல ஒட்டி வச்சு இழுத்தா கோடு நேரா வரும்னு வீடியோல காட்டுறாங்க. முதல் ரெண்டு அடி நிஜமாவே அருமையா வந்துச்சு. அதுக்கப்புறம் பார்த்தா வெள்ளை சீலிங்ல பச்சைல ரெண்டு தடம், சேத்துல சைக்கிள் போன மாதிரி. துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சா சில இடத்துல பச்சை மேல ஏறுது, சில இடத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் வெள்ளை விட்டுட்டு போகுது. சரி டேப் ஒட்டலாம்னு கடையில சாதா மாஸ்கிங் டேப் வாங்கி சீலிங்ல ஒட்டி உரிச்சேன், ஒரு ரூபா காசு அளவுக்கு பட்டியோட (பெயிண்டுக்கு அடில பூசுற புட்டி) பேந்து வந்துடுச்சு.

அம்மாவுக்கு போன மாசம்தான் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. இப்பதான் எல்லாம் தெளிவா தெரியுதுன்னு சந்தோஷமா சொல்றாங்க, பகல்ல பாதி நேரம் அந்த கட்டில்ல படுத்து மேலதான் பார்த்துட்டிருப்பாங்க. அந்த கோடு கோணலா இருக்கக்கூடாதுங்கறது எனக்கு ரொம்ப முக்கியம். நான் தப்பா பிடிக்கிறேனா இல்ல இந்த டூலே நம்ம சுவத்துக்கு ஆகாதா?

மாடிவீடு_கோவை:

டூல் ஆகாதுன்னு சொல்ல மாட்டேன் நண்பரே, நான் ரெண்டு ரூம் அதுலதான் முடிச்சேன், ஆனா முதல் ரூம்ல உங்களுக்கு ஆனதேதான் எனக்கும் ஆச்சு. நீங்க பேடை பெயிண்ட்ல எப்படி தொடுறீங்கன்னு சொல்லலையே? டப்பாலயோ டிரேல குழியிலயோ முக்கினா சக்கரத்துல பெயிண்ட் ஏறும், அது அப்படியே சீலிங்ல உருண்டு கோடு போடும், தடம் விழுறதுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான்.

நான் செஞ்சது இது. தட்டையான ஒரு பிளாஸ்டிக் மூடில பிரஷ்ஷால பெயிண்டை மெல்லிசா தடவிக்கிட்டு, அதுல பேடோட முகத்தை மட்டும் ஒத்தி எடுக்கணும், முத்திரை குத்த இங்க் பேட்ல ஒத்துற மாதிரி. அப்புறம் மூடி விளிம்புல பேடோட ஓரத்தை ஒரு தடவை வழிச்சு விடணும். பேட் ஈரமா இருக்கணும், சொட்டக்கூடாது. ஒவ்வொரு தடவை தொட்டதும் சக்கரத்தை விரல்ல ஒரு சுத்து சுத்திப் பாருங்க, துளி ஒட்டியிருந்தாலும் துணில துடைச்சுட்டுதான் சுவத்துக்கு போகணும். சில மாடல்ல சக்கரத்தை உள்ள மடக்கிக்கலாம், உங்களுதுல அந்த பட்டன் இருக்கான்னு பாருங்க, இருந்தா மடக்கி வச்சு பெயிண்ட் தொட்டுட்டு அப்புறம் நிமித்துங்க.

இன்னொண்ணு, பேடை நேரா ஓரத்துல கொண்டு போய் வைக்காதீங்க. ரெண்டு இன்ச் கீழ சுவத்துல வச்சு, ஒரு இழுப்பு இழுத்து, கூடுதல் பெயிண்ட் அங்கயே இறங்கினதும் மெதுவா மேல ஏத்தி சக்கரத்தை சீலிங்ல சாய்ங்க. அழுத்தாதீங்க, அழுத்தினா பேட் பிழிஞ்சு பெயிண்ட் மேலதான் வழியும். பெயிண்ட்ல தண்ணி அதிகமா கலந்திருந்தாலும் இதே கதிதான், ரோலருக்கு கலந்ததை விட கொஞ்சம் கெட்டியா தனியா எடுத்து வச்சுக்கோங்க.

பிரஷ்காரன்:

வணக்கம்ணே. மதுரை பக்கம் 22 வருசமா பெயிண்ட் வேலைதான் நமக்கு. மேல கோவைக்காரர் சொன்னது அத்தனையும் சரி, ஆனா உங்களுக்கு வெள்ளை விட்டுட்டு போறதுக்கும் பச்சை ஏறுறதுக்கும் காரணம் வேறண்ணே, அது சுவத்துலதான் இருக்கு.

சக்கரம் சீலிங்கைத்தான் பிடிச்சுட்டு ஓடுது. சீலிங் மேடு பள்ளமா இருந்தா கோடும் மேடு பள்ளமாத்தான் வரும். நம்ம ஊர்ல கொத்தனார் பூசின சுவர், அதுக்கு மேல பட்டி, அதுக்கு மேல பழைய கோட்டிங் நாலு அஞ்சு, முக்குல எல்லாம் சேர்ந்து வளைஞ்சு மொழுக்குன்னு கிடக்கும். எது சுவர் எது சீலிங்னு முக்குக்கே தெரியாது, அந்த இடத்துல எந்த டூல் வச்சாலும் நூல் பிடிச்ச மாதிரி வராது. ஒரு டார்ச்சை சுவத்தோட ஒட்டி படுக்கப் போட்டு அடிச்சுப் பாருங்க, அலை அலையா தெரியும்.

மொத வேலையா உள்ளங்கையால சீலிங்கை ஒரு தேய் தேயுங்க. மாவு மாதிரி கையில ஒட்டுச்சுன்னா அது பழைய சுண்ணாம்பு இல்லைன்னா டிஸ்டெம்பர், அதுல டேப் ஒட்டினா கண்டிப்பா பேத்துட்டுதான் வரும், ஈரத்துணி வச்சாலும் கரையும். உங்களுக்கு பட்டியோட வந்துச்சுங்கறதால அங்கதான் சந்தேகப்படுறேன். பேந்த இடத்தை பட்டி பிளேடால சுரண்டி, பட்டி வச்சு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கை கொடுங்க. ஓரம் பூரா ஒரு ஜாண் அகலத்துக்கு சுரண்டி பிரைமர் அடிச்சு மறுபடி வெள்ளை அடிச்சிட்டா இன்னும் நல்லது, அரை நாள் வேலை, ஆனா அதுக்கப்புறம் டேப்பும் நிக்கும் எட்ஜரும் ஓடும்.

முக்கு கோணலா இருக்கற வீட்டுல நாங்க என்ன பண்ணுவோம்னா கோட்டை முக்குலயே போட மாட்டோம். சீலிங் வெள்ளையை சுவத்துல ஒரு இன்ச் கீழ இறக்கிருவோம், அங்க இருந்துதான் கலர் ஆரம்பிக்கும். கண்ணு அந்த கோட்டைத்தான் பார்க்கும், மேல முக்கு வளைஞ்சிருக்கறது ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கறதால தெரியவே தெரியாது. அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரில கீழ மூணு நாலடி அடர் கலர், மேல வெளிர் கலர், நடுவுல ஒரு கறுப்பு பட்டை போடுவாங்க பாத்திருப்பீங்க, எங்கப்பா அதை நூல் அடிச்சு கையாலயே இழுப்பாரு, நாப்பது அடி ஹாலுக்கு ஒரு பிசிறு இருக்காது. அதே நூல் வேலைதான் இதுவும்.

உறையூர்வாசி:

அண்ணே ரொம்ப நன்றி, கையால தேய்ச்சுப் பார்த்தேன், வெள்ளையா மாவு ஒட்டுது, நீங்க சொன்னதுதான். டார்ச் அடிச்சா கிழக்குச் சுவர் நடுவுல நல்லா தொங்கித் தெரியுது. ஒரு இன்ச் இறக்கறது எனக்கு புடிச்சிருக்கு. ஆனா நூலை எப்படி அடிக்கறது, ரசமட்டம் வச்சு லெவல் பார்க்கணுமா? கோடு விழுறதுக்கு வீட்டுல காவிப் பொடி இருக்கு, போதுமா? அப்புறம் லாஃப்ட்டுக்கு மேல இருக்கற ஓரத்துல கையே சரியா போகல, எட்ஜர் திரும்ப மாட்டேங்குது.

பிரஷ்காரன்:

காவி வேண்டவே வேண்டாம்ணே, போட்டா வெள்ளைல ஊறிப்போய் எத்தனை கோட்டிங் அடிச்சாலும் செவப்பா எட்டிப் பார்க்கும். சாக்பீஸ் தூள் லேசா நீலம் கலந்து நூல்ல தடவுனா போதும், இல்லைன்னா அடிக்கு ஒரு புள்ளி பென்சில்ல வைங்க.

லெவல் பார்க்காதீங்க. இதுல நெறைய பேரு தப்பு பண்றாங்க. சீலிங்கே ஒரு பக்கம் அரை இன்ச் எறங்கியிருந்து நீங்க ரசமட்டத்துக்கு கோடு போட்டீங்கன்னா, வெள்ளைப் பட்டை ஒரு மூலைல ஒரு இன்ச்சா இருக்கும் இன்னொரு மூலைல அரை இன்ச்சா இருக்கும், சுவரே சாஞ்ச மாதிரி தோணும். சின்ன ரூமுக்கு ரெண்டு மூலைலயும் சீலிங்ல இருந்து சரியா ஒரு இன்ச் அளந்து ஆணி அடிங்க, ரெண்டுக்கும் நூலை இழுத்துக் கட்டி நடுவுல பிடிச்சு ஒரு சுண்டு. நடுவுல சீலிங் தொங்குற இடத்துல பட்டை கால் இன்ச் குறையும், அது கண்ணுக்குத் தெரியாது.

கோடு விழுந்ததும் காஞ்ச துணியால லேசா தட்டி தூளை எடுத்துட்டு டேப் ஒட்டுங்க, தூள் மேல ஒட்டினா டேப் நிக்காது. டேப்பை ஒட்டி விரல் நகத்தால ஓரத்தை மட்டும் அழுத்தித் தேய்ங்க. இப்பதான் முக்கியமான விசயம். பச்சையை உடனே அடிக்காதீங்க. டேப் ஓரத்துல மொதல்ல சீலிங் வெள்ளையையே ஒரு கை அடிங்க. டேப்புக்கு அடில எங்கயாவது சந்து இருந்தா வெள்ளைதான் உள்ள போய் அடைக்கும், வெள்ளைல வெள்ளை போனா யாருக்குத் தெரியப் போகுது. அது காஞ்சதும் பச்சை அடிச்சா ஒரு துளி உள்ள போகாது. எனக்கு டேப் வேலையில இது தெரியறதுக்கே நாலு வருசம் ஆச்சு.

கடைசி கோட்டிங் அடிச்சு முழுசா காயறதுக்கு முன்னாடி, லேசா ஈரம் இருக்கும்போதே டேப்பை உரிக்கணும், சுவத்துல இருந்து நேரா வெளிய இழுக்காம டேப் மேலயே மடிச்ச மாதிரி சாய்ச்சு மெதுவா. காஞ்சு போச்சுன்னா கட்டர் பிளேடால ஓரத்துல ஒரு கீறு கீறிட்டு உரிங்க, இல்லைன்னா பெயிண்ட் தோலாட்டம் கிழிஞ்சு வரும்.

லாஃப்ட் மேல, சுவிட்ச் போர்டு சுத்தி, கதவு நிலை ஓரம், இங்கெல்லாம் எட்ஜர் வேணாம்ணே. சாய்வா வெட்டின ஒன்றரை இன்ச் பிரஷ் ஒண்ணு நல்லதா வாங்குங்க. முடி நுனியில பாதி வரைக்கும் பெயிண்ட் தொட்டு டப்பா உள்பக்கம் ரெண்டு பக்கமும் தட்டிட்டு, கோட்டுக்கு கொஞ்சம் கீழ வச்சு அழுத்தினா முடி விரியும், அந்த விரிஞ்ச நுனியை கோடு வரைக்கும் தள்ளிட்டுப் போங்க. மூச்சைப் பிடிச்சுட்டு ஒரே இழுப்புல ரெண்டடி போகணும், விட்டு விட்டு அடிச்சா பல்லு பல்லா வரும்.

யாழ்_ரொறன்ரோ:

வணக்கம். நான் ரொறன்ரோவில இருக்கிறன், இதே சாமானை இஞ்ச பாவிச்சனான், அதால சொல்லுறன். இஞ்ச சுவர் எல்லாம் ட்ரைவோல், அதாவது ஜிப்சம் பலகை, மூலை நேரா இருக்கும், அதுக்கு இந்த சில்லு வைச்ச எட்ஜர் நல்லா ஓடும். நீங்கள் பாத்த வீடியோக்களும் அப்பிடியான வீட்டில எடுத்ததாத்தான் இருக்கும். ஆனா முந்தி நான் இருந்த அப்பார்ட்மென்ட்ல சீலிங் பொப்கோர்ன், பொரி ஒட்டினது போல சொரசொரப்பு, அதில சில்லு ஒரு அடிகூட ஒழுங்கா ஓடேல்லை. அங்க ஆக்கள் செய்யிறது என்னெண்டால் தட்டை ஸ்க்ரூ ட்ரைவரால ஓரத்தில கால் இஞ்ச் அகலத்துக்கு அந்தப் பொரியை சுரண்டி ஒரு வாய்க்கால் மாதிரி எடுத்துப்போட்டு பெயிண்ட் அடிக்கிறது. வெளிநாட்டில இருந்து இதை வாசிக்கிற ஆக்கள் கவனம், 1990க்கு முந்தின கட்டிடமெண்டால் அந்த சீலிங்கில அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், சோதிக்காமல் சுரண்டாதேங்கோ.

அண்ணா சொன்ன அந்த வெள்ளை அடிச்சு டேப்பை அடைக்கிற முறை இஞ்சயும் செய்யிறவை. தண்ணிப் பெயிண்ட் பட்டால் ஓரம் ஜெல்லாகி தானே அடைபடுற பச்சை டேப்பும் இஞ்ச இருக்கு, விலை கூட. வெள்ளை இருந்தால் அது தேவையில்லை.

இன்னொரு விசயம், ஓரம் முழுக்க முதல்ல அடிச்சு முடிச்சு, அடுத்த நாள் ரோலர் பிடிக்காதேங்கோ. ஓரம் காய்ஞ்சு போனால் படத்துக்கு சட்டம் போட்டது போல சுத்திவர ஒரு பட்டை தெரியும். ஒரு சுவருக்கு ஓரம் அடிச்ச கையோட அந்தச் சுவரை ரோலர் பண்ணி முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. ரோலரை கோட்டுக்கு எவ்வளவு கிட்ட கொண்டு போகலாமோ அவ்வளவு நல்லது. அம்மா சுகமா இருக்கட்டும்.

மாடிவீடு_கோவை:

சட்டம் மாதிரி பட்டை தெரியறது எனக்கும் நடந்துச்சு, பெயிண்ட் கலர்ல தப்புன்னு கடைக்காரர்கிட்ட போய் சண்டை போட இருந்தேன், இப்பதான் காரணம் புரியுது. எட்ஜர் வேலை முடிஞ்சதும் பேடை உடனே தண்ணில கழுவி, முகம் மேல பார்க்க காய வைங்க. ஒரு தடவை காஞ்சு கெட்டியாச்சுன்னா அந்த பேட் அவ்வளவுதான், கோடு கோடாத்தான் இழுக்கும்.

உறையூர்வாசி:

மூணு நாள் கழிச்சு வரேன், எல்லாருக்கும் சேர்த்து சொல்லிடறேன். சீலிங் ஓரம் பூரா சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு வெள்ளை அடிச்சதுக்கே ஒண்ணரை நாள் போச்சு, காலைல பனி இருந்ததால பட்டி காய ரொம்ப நேரம் எடுத்துச்சு. அப்புறம் ஆணி அடிச்சு நூல் சுண்டி ஒரு இன்ச் கீழ கோடு. வடக்குச் சுவர், கிழக்குச் சுவர் ரெண்டும் டேப் ஒட்டி வெள்ளை அடைச்சு பச்சை அடிச்சேன், டேப்பை உரிச்சப்ப வந்த கோட்டைப் பார்த்து கொஞ்ச நேரம் ஏணியிலயே நின்னுட்டேன். தெற்குச் சுவர் ஓரளவு நேரா இருந்ததால சீலிங் முக்கு வரைக்கும் எட்ஜரை முயற்சி பண்ணலாம்னு ஆசைப்பட்டேன், அப்புறம் மூணு சுவத்துல வெள்ளைப் பட்டை இருந்து ஒண்ணுல இல்லன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். எட்ஜரை கீழ ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஓரத்துக்கு பயன்படுத்தினேன், டைல்ஸ் வழவழன்னு நேரா இருக்கறதால சக்கரம் அங்க அழகா ஓடுது, ஒத்தி எடுக்கற முறையில ஒரு தடம் கூட விழல. லாஃப்ட் மேல சாய்வு பிரஷ், அங்க ஒரு சாண் நீளத்துக்கு கை நடுங்கினது தெரியுது, நாளைக்கு வெள்ளை வச்சு சரி பண்ணணும்.

அம்மா நேத்து சாயங்காலம் வந்து கட்டில் போடற இடத்துல பாய் விரிச்சு படுத்துப் பார்த்தாங்க. மேற்குச் சுவர் எப்ப முடியும்னு கேட்டாங்க.

பிரஷ்காரன்:

சந்தோசம்ணே. லாஃப்ட் ஓரத்தை சரி பண்ணும்போது பச்சை நல்லா காஞ்சிருக்கட்டும், ஒரு முழு நாள் விடுங்க. மிச்சம் இருக்கற வெள்ளையையும் பச்சையையும் காத்துப் போகாத டப்பாவுல அடைச்சு மேல ரூம் பேரு எழுதி வைங்க, நாளைப்பின்ன கட்டில் இடிச்சா ஒரு தொடு தொட்டுக்கலாம்.