ஃபேன் ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

கேள்வி:
வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே. ஏழு வருடப் பழைய டெஸ்க்டாப். நேற்று மழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது, பீப் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது. கடையில் எல்லா பாகங்களும் பொருந்தும் மெயின் போர்டான மதர்போர்டே போச்சு என்கிறார்கள். நம்பலாமா அண்ணா?

பதில்:
அவசரப்பட்டு மாற்றாதீர்கள் தம்பி. பீப் வருகிறதென்றால் போர்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, பெரும்பாலும் அதில் செருகியிருக்கும் ரேம் என்ற நினைவகப் பட்டைதான் காரணம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், அப்புறம் ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். உப்புக்காற்றில் கடலூர் முதுநகரில் என் சிஸ்டமும் வருடம் ஒருமுறை இப்படிப் படுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
ரேம்தான் அண்ணா! முனையெல்லாம் கறுத்துக் கிடந்தது. இப்போது ஓடுகிறது, ஆனால் தேதி தப்பாகக் காட்டுகிறது, ஒவ்வொரு முறையும் எஃப்1 அமுக்கச் சொல்கிறது.

இன்னொருவர்:
அது போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்ததால். சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். போட்டதும் பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) தேதியைச் சரிசெய்துவிடுங்கள்.