லாக் பி கணிப்பு: எங்கள் அமிலங்களுக்கு மட்டும் மாடல் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

காலாப்பட்டு மாணவி:
வணக்கம். கொழுப்பில் கரையும் தன்மையைக் கணிக்க, மாலிக்யூல்நெட் என்ற பொதுத் தரவுத் தொகுப்பின் 4200 சேர்மத் தரவை வைத்து ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறை) ஓட்டினேன். சோதனைத் தொகுப்பில் நன்றாக வருகிறது, ஆனால் எங்கள் லேபில் செய்த கார்பாக்சிலிக் அமிலங்களுக்கு அளந்த லாக் பி-யைவிட (அயனியாகாத சேர்மம் ஆக்டனாலுக்கும் தண்ணீருக்கும் இடையே பிரியும் விகிதத்தின் மடக்கை) ரொம்பவே குறைவாகச் சொல்கிறது. ஏன்?

கடலூர் சிப்காட்காரர்:
அந்தத் தரவில் இருப்பது லாக் பி இல்லைம்மா, பிஎச் 7.4-இல் அளந்த லாக் டி, அதாவது அயனியான பங்கையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதம். ஐபுப்ரோஃபெனைப் பாரு, அதுவும் கார்பாக்சிலிக் அமிலம்தான், பிகேஏ (பாதி அயனியாகும் பிஎச்) 4.9 வாக்கில், அதனால் 7.4-இல் பெரும்பகுதி அயனியாகித் தண்ணீர்ப் பக்கம் போய்விடும், ஆக்டனாலில் தங்குவது கொஞ்சம்தான். கணக்குப்படி லாக் பி-யைவிட லாக் டி 2.5 வாக்கில் இறங்கும். ரெண்டையும் ஒரே தரவு நெடுவரிசையில் கலக்கவே கூடாது.

வில்லியனூர்:
தரவை எப்படிப் பிரித்தீர்கள்? குருட்டாம்போக்கில் பிரித்தால், ஒரே வளையச் சட்டகத்தில் ஒரு மெத்தில் மட்டும் மாறிய சேர்மங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் விழுந்து, மாடல் பார்த்ததையே ஒப்பிக்கும். ஒரே சட்டகம் உள்ளவை எல்லாம் ஒரு பக்கமே விழும்படி சட்டகவாரியாகப் பிரியுங்கள், பிழை கூடும், ஆனால் நம்பலாம்.

காலாப்பட்டு மாணவி:
சரி அண்ணா, நாங்கள் பிஎச் 2-இல் ஆக்டனாலும் தண்ணீரும் சேர்த்துக் குலுக்கி அளந்தோம், அங்கே அமிலம் அநேகமாக அயனியாகாது, அதனால் எங்களுடையது லாக் பி. பிகேஏ வைத்து 7.4-க்கு மாற்றி ஒப்பிடுகிறேன், அப்புறம் சட்டகப் பிரிப்பு.