வேம்பும் நாட்டு வாதாமும் உதிர்க்கும் சருகை அள்ள எந்தக் கருவி வாங்கலாம்?

கொல்லைப்புறம் கேட்டது:

வணக்கம். தஞ்சாவூருக்கு அருகிலுள்ள கிராமத்தில் என் பெற்றோர் வசிக்கும் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 15 சென்ட் இடம் இருக்கிறது. வாசலில் இரண்டு வேப்பமரங்களும், கிணற்றோரம் ஒரு நாட்டு வாதாமும், கொல்லையில் மூன்று மாமரங்களும் நிற்கின்றன. மாசி பிறந்ததும் வேம்பு உதிர்க்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் பெருக்கிய வாசல் மாலைக்குள் மறுபடியும் மூடிப்போகிறது. அப்பாவுக்கு 71 வயது. அம்மாவுக்கு மூட்டு வலி இருப்பதால் குனிந்து பெருக்க முடிவதில்லை. இதுவரை சருகைக் குவித்துக் கொளுத்திவந்தோம். சென்ற ஆண்டு அந்தப் புகையால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தபின் அதை நிறுத்திவிட்டோம்.

வாசலில் பேவர் பிளாக் பதித்திருக்கிறோம். இரு பக்கமும் மண்தரை; கொல்லை முழுவதும் மண்ணும் கொஞ்சம் ஜல்லியும். பத்தாயிரம் ரூபாய் வரை செலவிடலாம் என்று நினைக்கிறேன். காற்றை ஊதிச் சருகைத் தள்ளும் ப்ளோயரில் பெட்ரோலில் ஓடுவது, மின்சாரத்தில் ஓடுவது, சருகை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் கருவி ஆகியவற்றில் எது ஏற்றது? அல்லது இயந்திரமே தேவையில்லையா?

மரநிழல் எழுதியது:

வணக்கம். ஒரு கல்லூரி வளாகத்தின் தோட்டப் பணிகளைப் பதினெட்டு ஆண்டுகள் மேற்பார்வையிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, எந்த இடத்துச் சருகு உண்மையிலேயே இடைஞ்சலாக இருக்கிறது என்று பாருங்கள். வாசல், நடைபாதை, கிணற்றடி, மொட்டை மாடி ஆகிய நான்கு இடங்களைத்தான் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மாமரத்தடிச் சருகை வாரவே வேண்டாம். கோடையில் மண் ஈரத்தைக் காப்பது அந்தப் போர்வைதான். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு முழம் விலக்கிவிட்டால் போதும். இப்படிப் பார்த்தால் உங்கள் 15 சென்ட்டில் பெருக்க வேண்டிய பரப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அடுத்து, மரத்துக்கு ஏற்ற கருவி. நாட்டு வாதாம் இலை கையகலம் இருப்பதால், விசிறி போல விரிந்த பற்களுள்ள இலைவாரியால் நின்றபடியே இழுத்துச் சேர்த்துவிடலாம். கடையில் வாங்கும்போது பற்கள் வளைந்து நிமிர்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். மண்ணைக் கிளறப் பயன்படும் விறைப்பான இரும்புப் பல் வாரியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சருகோடு மேல்மண்ணையும் சுரண்டிக்கொண்டு வரும். வேம்பின் கதை வேறு. அதன் சிற்றிலைகள் எந்த வாரியின் பற்களுக்கிடையிலும் நழுவிவிடும். அதற்கு இன்றளவும் தென்னை ஈர்க்குமாறுதான் சரியான கருவி. நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் வைத்திருப்பதைப் போல, ஐந்தடி மூங்கில் கம்பின் நுனியில் ஈர்க்குகளை விரித்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். குனியாமல் பெருக்கலாம் என்பதால் உங்கள் அம்மாவுக்கு அதுவே பெரிய விடுதலையாக இருக்கும். மண்தரையில் பெருக்குமுன் தண்ணீர் தெளிக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டாம்.

சருகைக் கூடை கூடையாக அள்ளுவதுதான் உடம்பை முறிக்கும் வேலை. ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, அதன்மேல் சருகைத் தள்ளி, ஒரு முனையைப் பிடித்து இழுத்துச் செல்லுங்கள். எடையைத் தூக்கவே வேண்டியிருக்காது. பல நாள் கிடந்த குவியலில் மட்டும் கையை விடக் கூடாது. தேளும் பாம்பும் அங்கே ஒதுங்கும்.

ஸ்பேனர் எழுதியது:

சிறு இன்ஜின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு நான் உடன்படுகிறேன். இயந்திரங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

விளம்பரங்களில் காற்றின் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால், சருகுக் குவியலைத் தள்ளிச் செல்வது வேகம் மட்டுமல்ல, ஒரு நிமிடத்தில் வெளிவரும் காற்றின் அளவும்தான். குழாயின் வாயைக் குறுக்கினால் வேகத்தின் எண்ணிக்கை ஏறிவிடும். காற்றின் அளவு அதிகமாகாது. கடைகளில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 600 வாட் மின்சார ப்ளோயர்கள் கணினியிலும் பட்டறையிலும் தூசி தட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் நிமிடத்துக்கு மூன்று, நான்கு கன மீட்டர் காற்றுதான் வரும். தோட்டத்துக்கென்றே செய்த, கையில் பிடிக்கும் பெட்ரோல் ப்ளோயரில் பத்துக்கு மேல் வரும். சில பெட்டிகளில் இதை மணிக் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். 60-ஆல் வகுத்து ஒப்பிடுங்கள்.

அப்படியானால் பெட்ரோல் வாங்கலாமா என்றால், உங்கள் வீட்டுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். இவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயிலை அளந்து கலக்க வேண்டும். இரண்டு மாதம் ஓட்டிவிட்டுப் பத்து மாதம் மூலையில் வைத்தால், டேங்கில் தங்கிய பெட்ரோல் கெட்டுப்போய்க் கார்புரேட்டரை அடைத்துவிடும். என்னிடம் வரும் ப்ளோயர்களில் பாதிக்கு இதுதான் நோய். பெரும்பாலான கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்ற வேண்டாம் என்கின்றன; நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பதோ 20 விழுக்காடு கலந்தது. சத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர வரம்பு 55 டெசிபல். இயக்குபவரின் காதருகே இந்த இயந்திரம் 90-ஐத் தாண்டும். அப்பா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட்டரி ப்ளோயர் கைக்கு இலகுவானது. ஆனால், 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி மட்டுமே. 400 வாட் இழுக்கும் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாசலுக்குப் போதும், கொல்லைக்குப் போதாது.

உறிஞ்சும் கருவி பேவர் பிளாக் தரையில் நன்றாக வேலை செய்யும். உங்கள் கொல்லையில் ஜல்லி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கல் உள்ளே போனால் பிளாஸ்டிக் விசிறியின் இறக்கை உடைந்துவிடும்.

எருக்குழி எழுதியது:

கொளுத்துவதை நிறுத்தியதற்கு உங்களுக்கு மனமார்ந்த நன்றி. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

வாரிய சருகு எங்கே போகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கோழி வலையை மூன்றடி அகலத்தில் வட்டமாக வளைத்து, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்; சுவரை ஒட்டி வைத்தால் கரையான் ஏறும். ஒரு அடி சருகுக்கு ஒருமுறை சாணிக் கரைசலைத் தெளித்து மிதித்துவிடுங்கள். சருகில் கரிமச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. சாணி அந்தக் குறையை நிரப்பாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேப்பிலை சில மாதங்களில் மக்கிவிடும். மாவிலை தடிப்பானது, நாட்களாகும். அதைத்தான் மரத்தடியிலேயே விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்களே.

கொல்லைப்புறம் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நேற்று ஊருக்குப் போய் நீள்கம்பு ஈர்க்குமாறு இரண்டும், இலைவாரி ஒன்றும், பத்துக்குப் பன்னிரண்டு அடி தார்ப்பாயும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கொல்லையைப் பெருக்க வேண்டாம் என்று சொன்னதும் அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. மாமரத்தடியில் சருகை விலக்கி, அடியில் மண் ஈரமாக இருப்பதைக் காட்டியபின் சம்மதித்தார். வாசலுக்கு மட்டும் ஒரு பேட்டரி ப்ளோயர் வாங்கலாமா என்பதை இந்தப் பங்குனி முடிந்தபின் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலை அடைத்துக்கொள்கிறது. அங்கே எந்த வகை வலை வைப்பது?

மரநிழல் எழுதியது:

தட்டையான வலையை வைக்காதீர்கள், ஐயா. நாலு இலை படிந்தாலே அது மூடிக்கொள்ளும். கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல மேலெழும்பிய கம்பிக் கூண்டு பிளம்பிங் கடைகளில் கிடைக்கும். அடியில் சருகு சேர்ந்தாலும் மேற்பகுதி வழியாகத் தண்ணீர் இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிக் கையுறையோடு வழித்துவிட்டால் போதும்.