ஓதம் ஏறிய வீடு: வெள்ளையடித்து விற்பதா, உள்ளபடி காட்டுவதா?

கிழக்குவாசல்:
திருவான்மியூரில் அப்பா 1984-ல் கட்டிய வீடு. கடற்கரை நடக்கிற தூரம். அம்மா போன பிறகு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. தங்கையும் நானும் விற்க முடிவெடுத்துவிட்டோம். ஹால் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் (தரை ஈரம்) ஏறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சமையலறையின் மேல்தளத்தில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. தரகர், “புட்டி வைத்து ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சு, சமையலறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடுங்க சார், தீபாவளிக்குள்ள முடிச்சுடலாம்” என்கிறார். தங்கை, இருப்பதை அப்படியே காட்டி விற்போம் என்கிறாள். ஜூலை முடியப் போகிறது. என்ன செய்யலாம்?

அடையாறுவாசி:
தரகர் சொல்வதைக் கேளுங்கள். நான் இரண்டு வீடு விற்றவன். வருகிறவர்கள் கால் மணி நேரம்தான் பார்ப்பார்கள். சுவரில் ஒரு கறை கண்ணில் பட்டால் போதும், வீடே இடிந்து விழப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஐம்பதாயிரத்தில் முடிகிற வேலைக்கு ஐந்து லட்சம் குறைத்துக் கேட்பார்கள். கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிக்கத்தானே செய்கிறோம்? அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

கொத்தனார் மகன்:
அண்ணே, வெள்ளையடிப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தச் சுவரில் அது நிற்காது. ஓதம் என்பது மண்ணிலிருந்து செங்கல் வழியாக ஏறுகிற தண்ணீர். கூடவே உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போனதும் உப்பு மேலே பூக்கும். அதுதான் பெயின்டைத் தள்ளுகிறது. மேலே புட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் ஓர் அடி மேலே ஏறும். ஐப்பசி மழையில் எல்லாம் கொப்பளித்துவிடும்.

கிழக்குவாசல் சார், முதலில் வெளியே போய்ப் பாருங்கள். தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, உங்கள் வாசல் பள்ளமாகியிருக்கிறதா? சென்னையில் பழைய வீடுகளில் பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) கசிகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக் கணக்காகும். சுண்ணாம்புப் பூச்சு பூசினால் சுவர் மூச்சுவிடும்.

சமையலறைக் கம்பிதான் அவசரம். கடல் காற்றில் உப்பு உண்டு. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், காரையைப் பெயர்த்துத் தள்ளும். தளம் முழுக்க ஒரு சுத்தியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வருகிற இடமெல்லாம் உடைத்து, கம்பியைப் பின்பக்கம் வரை சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவை வைக்க வேண்டும். இந்த நிலையில் ஃபால்ஸ் சீலிங் போடுவது பாவம்.

முதல்மழை:
அந்தப் பாவத்தை அனுபவித்தவள் நான். 2019-ல் வேளச்சேரியில் புதுப் பெயின்ட் வாசனையோடு ஒரு வீடு வாங்கினோம். முதல் மழையிலேயே பீரோவுக்குப் பின்னால் சுவர் கொப்பளித்தது. மறு வருடம் படுக்கையறையில் ஃபால்ஸ் சீலிங் வளைந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் மேலே தளம் முழுக்கத் துருக்கம்பி. அதற்கு நேர் கீழே என் பிள்ளையின் தொட்டில் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவில், வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. தங்கை சொல்வதைக் கேளுங்கள் சார்.

அடையாறுவாசி:
உங்கள் கஷ்டம் புரிகிறதம்மா. ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். கம்பியைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் ஹால் சுவரைக் கொத்திப்போட்டு, செங்கல் தெரிய வீடு காட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிரில் நிற்பவர் கொத்தனார் இல்லை, வீட்டுக்கடன் வாங்கப் பயந்துகொண்டே வருகிற ஒரு குடும்பம்.

பத்திரம் பார்ப்பவன்:
எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்கப் போவது யார்? திருவான்மியூரில் நாற்பது வருட வீடென்றால் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுவார்கள். பில்டர் வாங்கினால் மறுமாதமே இடிப்பார். அவருக்காக ஒரு ரூபாய் பெயின்ட் கூட வீண். அதற்குப் பதில் வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, உங்கள் இருவர் பெயரில் பட்டா, வீட்டுவரி ரசீது இவற்றைத் தயார் செய்யுங்கள். விற்பனை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இங்கேதான்.

கிழக்குவாசல்:
வாரிசுச் சான்று கையில் இருக்கிறது, பட்டாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். ஒரு பில்டர் வந்து கேட்டார். தங்கை அழுதுவிட்டாள். அம்மா வைத்த நெல்லி மரம் கொல்லையில் நிற்கிறது, குடியிருக்கிறவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கிறாள். எனக்கும் அதுதான் ஆசை. விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தெரு உண்மையிலேயே முக்கால் அடி மேலே இருக்கிறது, இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை.

கொத்தனார் மகன்:
அப்படியென்றால் வடிகாலையும் தளத்தையும் இப்போதே பிடியுங்கள். மொட்டை மாடித் தட்டோட்டு இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். தினமும் ஜன்னலைத் திறக்க ஆள் வையுங்கள், அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பாதி வாடை போய்விடும். ஹால் சுவரில் ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்காற்றின் ஈரம்.

முதல்மழை:
வருகிறவர்களிடம் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று போட்டோவோடு காட்டுங்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அப்படி ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் அவர் வீட்டைத்தான் நம்பி வாங்கியிருப்பேன்.

அடையாறுவாசி:
சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுண்ணாம்பாவது அடித்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கிழக்குவாசல்:
நேற்று காலையில் தாளை ஒட்டினேன். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வடிகாலுக்குக் குழி எடுக்கத் திங்கட்கிழமை ஆள் வருகிறது. தரகரிடம் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.