இராஜபாளையம் பெட்டைக்குத் தூய வெள்ளைக் கடுவனா, திட்டு விழுந்த கடுவனா?

வைப்பாறு (ஸ்ரீவில்லிபுத்தூர்)

வணக்கம். என்னிடம் இரண்டரை வயது இராஜபாளையம் பெட்டை நாய் இருக்கிறது. பால்வெள்ளை, ரோஜா நிற மூக்கு, நல்ல உயரம். குட்டி விற்றுப் பிழைப்பவன் அல்ல நான். பள்ளி வேலை முடிந்து வந்தால் மாலைப்பொழுது முழுக்க அவளோடுதான் போகிறது. அடுத்த பருவத்தில் தலையீத்துக்கு விடலாம் என்று இருக்கிறேன்.

சிக்கல் இதுதான். இவளோடு ஒரே ஈத்தில் பிறந்த இன்னொரு பெட்டைக்கு இரண்டு காதும் கேட்காது. இவள் கூப்பிட்டால் வருகிறாள். இப்போது இரண்டு கடுவன்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஊரறிந்த கடுவன், அப்பழுக்கில்லாத வெள்ளை. ஆனால் அதுவும் என் பெட்டையும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை, தாய்தான் வேறு. இரண்டாவது சங்கரன்கோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் நிற்கிறது. முற்றிலும் வேறு வம்ச வழி. உடல் வெள்ளை, இடது காது முழுக்கச் செவலை, மூக்கில் பாதி கறுப்பு. முதலாவதோடு சேர்த்தால் குட்டிகளுக்கு இப்போதே ஆள் காத்திருக்கிறது. இரண்டாவது என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்தலைமுறை (இராஜபாளையம்)

தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. முதல் கடுவன்தான்.

இராஜபாளையம் என்றால் வெள்ளை. 2005இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் நாய்க்கும் ஒன்று வந்தது. அந்தப் பெருமை தானாக வந்துவிடவில்லை. அல்சேஷன், பொமரேனியன் மோகம் வந்த காலத்தில் நாட்டு நாயை வாசலில் கட்டுவதையே கௌரவக் குறைவாக நினைத்தார்கள். அப்போது இந்த இனத்தைக் காப்பாற்றியவை சொந்த வழிக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வைத்திருந்த சில வீடுகள். எங்கள் வீடும் அதில் ஒன்று. செவலைக் காதும் கறுப்பு மூக்கும் எங்கிருந்து வந்தன என்று அந்தத் தோட்டக்காரரால் சொல்ல முடியுமா? லேப்ரடாரைக் கலந்தார்கள், புல் டெரியரைக் கலந்தார்கள், இப்போது டோகோ அர்ஜென்டினோவைக் கலந்துவிட்டுத் தலை பெரிதாக இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். இதற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் பேரன் காலத்தில் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

தகப்பன் ஒன்று, தாய் வேறு என்பது எங்கள் கணக்கில் நெருக்கமே இல்லை. காது கேளாத குட்டி அவ்வப்போது ஒன்று விழத்தான் செய்யும். அது வெள்ளைக்கு நாம் கொடுக்கும் விலை.

மருத்துவர்_நெல்லை

ஐயா சொல்லும் வரலாற்றை நான் மறுக்கவில்லை. அந்தச் சில வீடுகள் இல்லையென்றால் இன்று பேசுவதற்கே நாய் இருந்திருக்காது. ஆனால் அந்த விலையைக் கொடுப்பது நாம் அல்ல, குட்டி.

வெள்ளையோடு காது கேளாமை ஏன் ஒட்டி வருகிறது என்பது தெளிவாகத் தெரிந்த செய்தி. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே அணுக்கள் உட்காதில் இரத்தநாளங்கள் நிறைந்த ஒரு படலத்திலும் இருந்தாக வேண்டும். கருவில் அவை அங்கே போய்ச் சேராவிட்டால் அந்தப் படலம் சிதைந்து, ஒலியை வாங்கும் மயிரணுக்கள் செத்துவிடும். பிறந்த மூன்று நான்கு வாரங்களில் இது முடிந்துவிடுகிறது. மருந்தும் இல்லை, மீட்சியும் இல்லை.

அமெரிக்காவில் டால்மேஷியன்களைச் சோதித்தபோது ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய நிறத்திட்டோடு பிறந்தவற்றில் இது மிகக் குறைவு. ஆனால் கண்காட்சி விதி அந்தத் திட்டைக் குறையென்று சொல்கிறது. ஆகவே நன்றாகக் கேட்கும் நாய்களாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவந்தார்கள். புல் டெரியரிலும் இதே கதைதான்: வெள்ளையில் ஏறத்தாழ 20 விழுக்காடு, நிறம் உள்ளவற்றில் 1 விழுக்காட்டை ஒட்டி.

செவலைக் காதும் கறுப்பு மூக்கும் என் கண்ணுக்குக் குறையாகத் தெரியவில்லை. நிற அணுக்கள் தலைப்பகுதி வரை வந்து சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அவை அடையாளம். உத்தரவாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடன்பிறந்தவள் செவிடாக இருக்கும் பெட்டைக்கு அப்படிப்பட்ட கடுவனைத்தான் தேடுவேன்.

மூன்றாம்தலைமுறை

டாக்டர், சீமை நாயின் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அவை சோபாவில் படுத்து வளர்ந்தவை. எங்கள் நாய் பன்றி வேட்டைக்குப் போனது. காது கேளாத நாய் புதருக்குள் பிழைக்காது. பிழைக்காதது குட்டி போடாது. அப்படித்தான் வழி சுத்தமாக நின்றது. ஒரு கருவியும் தேவைப்படவில்லை.

வைப்பாறு

ஐயா, அந்தச் சல்லடை இப்போது எங்கே இருக்கிறது? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். நம் நாய்கள் இன்று காம்பவுண்டுக்குள் நிற்கின்றன. காது கேளாத கடுவன் காட்டில் தோற்றுப்போகும், புகைப்படத்தில் தோற்காது. பால்வெள்ளையாக, நெஞ்சை நிமிர்த்தி நின்றால் போதும், ஊர் ஊராகப் பெட்டைகளைக் கொண்டுவருகிறார்கள். வேட்டை செய்த வேலையை இப்போது நாம்தானே செய்ய வேண்டும்?

தத்தெடுப்போம் (சென்னை)

எந்தக் கடுவனும் வேண்டாம் என்பது என் கருத்து. கோபமாகச் சொல்லவில்லை, வேதனையோடு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடப்பட்டுக் கிடந்த இராஜபாளையம். இரண்டு காதும் கேட்காது. பின்னால் வரும் லாரி அவளுக்குத் தெரியாது. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுப் பல்லைக் காட்டுவாள். அதனால் முதலில் மூக்கருகே கையைக் கொண்டுபோய், வாசனை பிடித்துக் கண் திறந்த பிறகுதான் தொடுகிறோம். இரவில் தோட்டத்திலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறோம், ஓடி வருகிறாள். அத்தனை அறிவு. ஆனால் வாங்கியவர் அவளைத் திமிர் பிடித்த நாய் என்று நினைத்து அடித்திருக்கிறார். முதுகில் தழும்பு இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு ஆளாளுக்கு வாங்கினார்கள். அவற்றில் எத்தனை நாய்கள் காப்பகங்களுக்கு வந்தன என்று காப்பகம் நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருக்கிறவற்றுக்கே வீடு இல்லாதபோது புதிதாக ஓர் ஈத்து எதற்கு?

கொங்குக்கன்னி (பொள்ளாச்சி)

அக்கா, உங்கள் பெண்ணைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆனால் வைப்பாறு போன்றவர்கள் நிறுத்திவிட்டால் இனப்பெருக்கம் நின்றுவிடாது. ஒரு பெட்டையை வீட்டுக்குள் வைத்து, கூடவே உறங்கி, ஈத்துப் பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள். கூண்டில் அடைத்துப் பருவத்துக்குப் பருவம் சேர்க்கிறவர்கள் மட்டும் இருப்பார்கள்.

2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் ஒழுங்காக நடந்தாலே பாதித் துன்பம் குறையும். 18 மாதத்துக்கு முன் சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வயதோடு நிறுத்த வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கம் கன்னி நாய்க்கும் இந்த எட்டு வாரம்தான் பெரிய போராட்டம். வாங்க வருகிறவர்கள் முப்பதாம் நாளே கேட்கிறார்கள்; அப்போதுதான் நம்மோடு ஒட்டும் என்பார்கள். தாயிடம் பெற்ற எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசி இன்னும் பிடிக்காத அந்த இடைவெளியில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து குட்டியைக் கொண்டுபோய்விடுகிறது.

மருத்துவர்_நெல்லை

கொங்குக்கன்னி சொன்ன முப்பதாம் நாள்தான் இந்த விவாதத்தின் முடிச்சு. குட்டியின் காதுத் துளை திறப்பதே ஏறத்தாழ இரண்டு வாரத்தில். உட்காது சிதைவது மூன்று, நான்கு வாரத்தில். ஐந்து வாரத்துக்கு முன் கேட்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பதாம் நாளில் குட்டியைக் கைமாற்றுகிறவர் சோதிக்காத குட்டியைக் கைமாற்றுகிறார்; அவருக்கே தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிடந்தவள் அப்படிப் போனவளாகவே இருக்கக்கூடும்.

மூன்றாம்தலைமுறை

சேர்த்துவிட்டதற்குக் கூலியாகக் கடுவன்காரனுக்கு உரிய முதல் தேர்வுக் குட்டியை முப்பதாம் நாளில் எடுப்பதுதான் இங்கே வழக்கம். காசாக வாங்குவது பின்னால் வந்தது. எட்டு வாரம் காத்திருந்தால் நல்ல குட்டியை ஒளித்துவைப்பார்கள். இதெல்லாம் பட்டு அறிந்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வைப்பாறு சொல்லும் முதல் கடுவன் என்னுடையது. மறைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

வைப்பாறு

ஐயா, நீங்கள் சொல்லாமல் நான் பெயர் எடுக்க விரும்பவில்லை. மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் கடுவனுக்குப் பிறந்த குட்டிகளில் காது கேளாதவை எத்தனை?

மூன்றாம்தலைமுறை

யார் எண்ணி வைத்தார்கள்? சில இருக்கும். குட்டி போன வீட்டிலிருந்து செய்தி வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மருத்துவர்_நெல்லை

அந்த எண்ணிக்கைதான் வேண்டும், ஐயா. தபால்தலையை விட, கோப்பையை விட அதுதான் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தாய், தகப்பன், எத்தனை குட்டி, எதற்குத் திட்டு, எதற்குக் கேட்கவில்லை. இராஜபாளையத்தில் பத்து வீடுகள் சேர்ந்து இதை எழுதத் தொடங்கினால், எந்த வழியை எதனோடு சேர்க்கலாம் என்று கையைக் காட்டிச் சொல்ல முடியும்.

ஒரே தகப்பனுக்குப் பிறந்தவற்றைச் சேர்த்தால் குட்டிகளின் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே மூதாதையின் மரபணு வந்து சேரும் வாய்ப்பு, 12.5 விழுக்காடு, அண்ணன் தங்கை என்றால் 25. தாத்தா பாட்டிகளும் ஒரே வழியாக இருந்தால் அதற்கு மேலும் போகும். இங்கிலாந்தின் கென்னல் கிளப் 2009இலிருந்து தகப்பன் மகள், தாய் மகன், அண்ணன் தங்கை சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை.

வெளி இரத்தம் வந்தால் இனம் அழிந்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. டால்மேஷியன்களின் யூரிக் அமிலக் கோளாறை நீக்க, ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973இல் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்துவந்தார். கோளாறு இல்லாத அந்த வழியை அமெரிக்கன் கென்னல் கிளப் 2011இல் ஏற்றுக்கொண்டது. வைப்பாறு கேட்பது அந்த அளவுக்குக்கூட இல்லை. சங்கரன்கோவில் கடுவனும் இராஜபாளையம்தான்.

மூன்றாம்தலைமுறை

அது இராஜபாளையம்தான் என்று எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

வைப்பாறு

எழுத்தாக இல்லை. அதன் தாயையும் உடன்பிறந்த இரண்டையும் நேரில் பார்த்தேன். நெற்றியும் வாலும் முதுகெலும்பின் வளைவும் நம் நாய்க்கு உரியவை. மூன்றுக்கும் நன்றாகக் கேட்கிறது. டாக்டர், வீட்டில் எப்படிச் சோதிப்பது? தட்டைத் தரையில் போட்டுப் பார்ப்பார்களே?

மருத்துவர்_நெல்லை

தட்டு வேண்டாம். செவிட்டுக் குட்டியும் தரை அதிர்வில் துள்ளி எழும்; கேட்கிறது என்று ஏமாந்துபோவோம். குட்டிகளைச் சேர்த்து வைத்தும் பார்க்காதீர்கள். ஒன்று தலையைத் தூக்கினால் மற்றதும் தூக்கும். தனியாக எடுத்து, மெத்தை விரிப்பில் தூங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அது உங்களைப் பார்க்க முடியாதபடி பின்னால் நின்று சாவிக் கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். நிழலும் காற்றும் அதன்மேல் படக் கூடாது. வேறு நாள், வேறு ஒலி, மீண்டும் பாருங்கள். விளையாட்டிலும் தெரியும்: மற்ற குட்டி வலியில் கத்தினாலும் விடாமல் கடித்துக்கொண்டே இருக்கும் குட்டியைக் கவனியுங்கள். பால் கொடுக்கத் தாய் உள்ளே வரும்போது எல்லாம் எழுந்த பிறகும் தூங்குகிற குட்டியையும்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்களுக்கும் இரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை. பிறப்புறுப்பில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேர்க்கையில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் புற்று நம் ஊரில் மிக அதிகம். தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கடுவன் என்பதால் கட்டாயம் பாருங்கள்.

தத்தெடுப்போம்

என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒரு வாக்குறுதி கேட்கிறேன், வைப்பாறு. கேளாத குட்டி விழுந்தால் அதை என்ன செய்வீர்கள்?

வைப்பாறு

என்னிடமே இருக்கும். அல்லது கேட்காது என்று தெரிந்தே கேட்கிற வீட்டுக்கு, கருத்தடை செய்த பிறகு, காசு வாங்காமல் போகும். மற்ற குட்டிகளும் எட்டு வாரத்துக்கு முன் வாசலைத் தாண்டாது. செவலைக் காதோடு விழுந்தால் தோட்டக் காவலுக்குக் கேட்கிற இரண்டு விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறம் பொருட்டல்ல. சங்கரன்கோவில் கடுவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். குட்டிகளின் கணக்கை, நல்லதும் கெட்டதும், இங்கேயே எழுதுகிறேன்.

மூன்றாம்தலைமுறை

உன் பெட்டை, உன் முடிவு. திட்டு விழுந்த குட்டியை இராஜபாளையம் என்று நான் சொல்ல மாட்டேன், அதில் மாற்றமில்லை.

டாக்டர், உங்களிடம் ஒரு சந்தேகம். ஒரு காது மட்டும் கேளாமல் இருந்தால் வெளியே தெரியுமா? என் கடுவன் கூப்பிட்டால் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் முதலில் வலப்பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறது.

மருத்துவர்_நெல்லை

ஐயா, ஒரு காது கேளாத நாய்க்கு ஒலி வரும் திசை பிடிபடாது. நீங்கள் சொல்வது அதுவாக இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. பேயர் சோதனை ஒன்றுதான் உறுதியாகச் சொல்லும். தலையில் மெல்லிய மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து, மூளைத்தண்டு பதில் தருகிறதா என்று அளப்பார்கள். மனிதருக்குப் பயன்படும் கருவியிலேயே நாய்க்கும் பார்க்கலாம். எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்துத் தனிச்செய்தியில் எழுதுகிறேன். அதுவரை அவனிடம் எந்தப் பெட்டையையும் விட வேண்டாம்.